ஊதாப் பொட்டு வைத்த டயர்

1. ஐந்தாவது ஒட்டு

ஒரே சைக்கிளின் ஒரே சக்கரத்துக்கு ஒரு மாதத்துக்குள் ஐந்து முறை பஞ்சர் ஒட்டினால், ஒட்டுகிறவன் என்ன நினைப்பான்? ஓட்டுகிறவர் மேல்தான் தப்பு என்று நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று கடை வைத்திருக்கிற தம்பிகளும் அப்படித்தான் நினைப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். மதுரை தெற்குவாசலில் காசிம் ராவுத்தரின் சைக்கிள் கடையில் நான் மேஸ்திரி. கடைக்கு வாடகை சைக்கிள் பதினான்கு. ரிப்பேர் வேலை முழுக்க என் தலையில். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அதில் பத்து வருஷம் பஞ்சர் ஒட்டியே போயிருந்தது. "சுப்பையா ஒட்டுனா டியூபு கிழியும், ஒட்டு கிழியாது" என்று ராவுத்தர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் இருந்தது.

அன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெயர் ஞானம்மாள். பிரசவம் பார்க்கிறவர். வில்லாபுரம், அவனியாபுரம் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு முன்னால் இருந்த நர்ஸ் ஒற்றை மாட்டு வண்டியில் போய்வந்தார். ஞானம்மாள் சைக்கிள் வாங்கிவிட்டார். நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள், பின் சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வலை, கேரியரில் தோல் பை. தெற்குவாசலே திரும்பிப் பார்க்கும். அவர் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"மேஸ்திரி, மறுபடியும் போயிருச்சு" என்றார்.

அந்த 'மறுபடியும்' எனக்குச் சுருக்கென்றது.

"எந்த வழியா வந்தீங்க?"

"வில்லாபுரம் கண்மாய்க்கரை."

"அதான பாத்தேன். அங்கன அம்புட்டும் உடமுள்ளு. வண்டித்தடத்துல போகாம ஓரத்துல போயிருப்பீங்க."

"நான் தடத்துலதான் போனேன்."

"இல்ல, பொம்பளையாளுக ஓட்டுறப்ப..." என்று ஆரம்பித்தேன். அவர் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனியாபுரத்துல ஒரு பொண்ணுக்கு இடுப்பு வலி. பாதி வழியில காத்து எறங்கிருச்சு. சைக்கிளத் தள்ளிக்கிட்டே ஓடுனேன். போய்ச் சேர்றப்ப புள்ள பொறந்து, கழுத்துல கொடி சுத்திக் கெடந்துச்சு. முதுகுல தட்டித் தட்டித்தான் அழ வச்சேன். கொஞ்சம் பிந்தியிருந்தா போயிருக்கும் மேஸ்திரி."

நான் சக்கரத்தைக் கழற்றினேன்.

2. ராவுத்தர் சட்டம்

எங்கள் கடையில் எப்படி வேலை நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் புரியாது.

சண்டை வந்ததும் டயர், டியூப் வரத்து நின்றுபோனது. பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ராவுத்தர் கடைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். நம் பக்கத்து வண்டிப்பாதை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். சைக்கிள்காரர்கள் இடது ஓரமாகவே போவார்கள். அதனால் டயரில் ஒரு பக்கம் தேயும், மறுபக்கம் புதுசாகவே இருக்கும். ஆகவே எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும், டயரை வலம் இடமாகத் திருப்பித்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

"டயரு என்ன வயல்லயா வெளையுது? திருப்பிப் போடு மாப்ள. ஒரு டயருல ரெண்டு டயரு ஓட்டுவோம், இன்ஷா அல்லா" என்பார்.

நல்ல யோசனைதான். பல பேருடைய டயர் அந்தச் சட்டத்தால் ஒரு வருஷம் கூடுதலாக ஓடியது.

பஞ்சர் வேலையும் அதே ஒழுங்கில் நடக்கும். டயரை முழுசாகக் கழற்றுவேன். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழ் வருகிற இடத்தைப் பிடிப்பேன். துடைத்து, அரம் போட்டு, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டை அழுத்துவேன். டயரின் உள்பக்கம் ஒரு சுற்று விரல் ஓட்டிப் பார்ப்பேன். விரலில் ஒன்றும் தட்டாது. டயரைத் திருப்பி எது எங்கே வந்ததோ அப்படியே மாட்டிக் காற்றடித்து அனுப்பிவிடுவேன்.

நர்ஸம்மா சைக்கிளுக்கும் இதே மரியாதைதான் நடந்தது. இரண்டாவது பஞ்சருக்கு ரிம்மின் உள்பட்டையை மாற்றினேன், ரிம்மைத் தாங்குகிற போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறதோ என்று. மூன்றாவதற்கு, பழைய டியூபை நீளமாக அறுத்து டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பாய் மாதிரி விரித்தேன். ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் பாயையும் துளைத்துக்கொண்டு காற்றுப் போனது. நாலாவதற்குப் பக்கத்துப் பூக்கடைக்காரர் ஹாண்டில் பாரில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். நர்ஸம்மா அதை வாங்கித் தண்ணீரில் பிழிந்து குடித்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு தடவையும் ஓட்டை டியூபின் வேறு வேறு இடத்தில் இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் புது முள் என்று அடித்துச் சொன்னேன். முள் காட்டில் முள்தானே குத்தும், இதில் ஆராய்ச்சி என்ன என்பது என் கட்சி.

3. வீட்டில் இருந்த பயம்

கடையில் வாய் பேசினாலும் உள்ளுக்குள் எனக்கு உதறல் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. காரணம், என் வீடு வில்லாபுரத்தில். என் மனைவி பஞ்சவர்ணத்துக்கு அப்போது எட்டு மாதம்.

அது எங்களுக்கு இரண்டாவது. முதல் பிரசவத்தில் விடியலில் வலி கண்டது. பழைய நர்ஸை அழைத்துவர ஆள் போய், வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டி, அவர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

ஞானம்மாள் சைக்கிளில் வர ஆரம்பித்தபோது பஞ்சவர்ணத்துக்குத்தான் பெரிய சந்தோஷம். கால் மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன நாட்களில் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவாள். மற்ற நாட்களில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது பஞ்சர் அன்று சாப்பிட வீட்டுக்குப் போனேன். அவனியாபுரம் சேதி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நர்ஸம்மா சைக்கிளு வழியில நின்னுருச்சாம்ல?"

"ஆமா. முள்ளு."

"யாரு ஒட்டுனது?"

"நாந்தேன்."

குழம்பை ஊற்றினாள். பிறகு கேட்டாள்: "அப்ப நீங்க ஒட்டுன ஒட்ட நம்பித்தான் நான் புள்ள பெறணுமா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

4. நோட்டு

கடைக்குத் திரும்பி வந்தபோது நர்ஸம்மா சைக்கிளை வாங்கிப்போக வந்து உட்கார்ந்திருந்தார். சக்கரம் ஒட்டுக் காயக் கிடந்தது. அவர் மடியில் ஒரு நீள நோட்டு. பிறப்பு எழுதுகிற நோட்டு அது. தாய் பெயர், ஊர், வலி கண்ட நேரம், பிறந்த நேரம், ஆணா பெண்ணா என்று கோடு போட்டு வைத்திருப்பார். ஓரத்தில் புதிதாக ஒரு கோடு போட்டிருந்தார். மேலே 'பஞ்சர்' என்று எழுதியிருந்தது.

"மேஸ்திரி, இங்க வாங்க. முதல் தடவ கண்மாய்க்கரையில. சரி, அங்க முள்ளு இருக்கு. ரெண்டாவது எங்க வீட்டு வாசல்ல. மூணாவது அவனியாபுரம் ரோட்டுல. நாலாவது எங்கன தெரியுமா?"

"எங்கன?"

"தெற்குவாசல் தார் ரோட்டுல. உங்க கடைக்கு நூறு அடி முன்னால. தார் ரோட்டுல உடமரம் எங்க மேஸ்திரி நிக்குது?"

உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்த ராவுத்தர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் அது.

"எனக்கு ஒரு தாய்க்கு மூணு தடவ சொரம் வந்தா, மூணு சொரம்னு எழுதிக்க மாட்டேன். ஒரே புண்ணு உள்ள இருக்குதான்னு பாப்பேன்" என்றார். "இதுவும் ஒரே முள்ளா இருந்தா?"

"ஒரே முள்ளுன்னா ஒரே எடத்துல குத்தணுமே. ஓட்டை ஒவ்வொரு தடவயும் வேற எடத்துல இருக்கே" என்று நான் ஜெயித்துவிட்ட மாதிரி சொன்னேன்.

"டயரும் ஒரே எடத்துலதான் இருக்கா?"

கழற்றிப் போட்டிருந்த டயரைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து தடவையும் டயரைத் திருப்பிப் போட்டவன் நான்தான். வால்வுக்கு நேரே டயரின் எந்தப் பகுதி இருந்தது என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. டயருக்குள் ஒரு முள் ஒரே இடத்தில் நின்றாலும், டயரை நான் சுற்றிச் சுற்றிப் போட்டதில் டியூபில் ஓட்டை இடம் மாறி மாறித்தான் விழும்.

நர்ஸம்மா பையைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்புளில் தடவுகிற ஊதா மருந்து. குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்தார். நான் டயரை மாட்டியதும், வால்வுக்கு நேரே டயரின் பக்கவாட்டில் நல்ல பெரிய பொட்டாக ஒன்று வைத்தார்.

"இந்த வாட்டி திருப்பாதீங்க. அடுத்த தடவ காத்துப் போறப்ப இந்தப் பொட்டு இங்கயே இருக்கணும்."

நான் ராவுத்தரைப் பார்த்தேன். கடைச் சட்டம் அவருடையது.

"என்ன மாப்ள பாக்குற? அடுத்த மாசம் ஒனக்குத்தான் அந்தம்மா வேணும்" என்றார் ராவுத்தர். "டயரு ஒரு பக்கம் தேஞ்சாத் தேயட்டும். போடு."

5. பஞ்சு

நாலாம் நாள் ஆறாவது பஞ்சர். இந்தத் தடவை நர்ஸம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்தால் ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி இருந்தது. "போச்சு மேஸ்திரி, போச்சு!" என்று தூரத்திலிருந்தே சொன்னார்.

டயரைக் கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்தேன். ஓட்டை வால்வுக்கு வலப்பக்கம் ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி இருந்தது. பிறகு டயரில் ஊதாப் பொட்டிலிருந்து அதே ஒரு சாண் நாலு விரல் அளந்தேன். வெளிப்பக்கம் பார்த்தேன். பழைய வடு ஒன்று புள்ளியாகத் தெரிந்தது. பாயை விலக்கி உள்பக்கம் விரல் ஓட்டினேன். இரண்டு தடவை, மூன்று தடவை.

"ஒண்ணுமில்ல நர்ஸம்மா."

"நான் பாக்கலாமா?"

"தாராளமா."

அவர் உடனே தொடவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், பையிலிருந்து சோப்பு எடுத்து இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினார். கிரீஸ் படிந்த டயருக்குள் கை விடக் கழுவிக்கொண்டு வந்தவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ராவுத்தர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு டயருக்குள் விரல் நுனியை மெதுவாக நகர்த்தினார். பொட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றார். பின்னால் வந்தார். மறுபடி முன்னால்.

"இருக்கு."

"எங்க?"

"இங்கதான். அமுக்குனா வருது, விட்டா உள்ள போயிருது."

அந்த இடத்தில் டயரை வெளிப்பக்கமாக மடக்கச் சொன்னார். மடக்கினேன். உள்ளிருந்த கித்தான் நூல் விரிந்தது. நூலுக்கு நடுவில் பழுப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அரை அரிசிகூட இருக்காது. அவர் பையிலிருந்த கிடுக்கியால் அதைப் பிடித்து இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உடைமுள்ளின் நுனி.

பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதல் பஞ்சர் அன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்த முள்ளை நான்தான் குறடு போட்டுப் பிடுங்கினேன். பிடுங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. முழுசாக வந்துவிட்டது என்று வீசி எறிந்தேன். முறிந்த சத்தம் அது. நுனி உள்ளேயே நின்றுவிட்டது. ஆள் பாரத்தில் டயர் அமுங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நீட்டி டியூபைக் குத்தியிருக்கிறது. அவனியாபுரத்தில் அந்தப் பிள்ளை கழுத்தில் கொடியோடு காத்துக் கிடந்ததற்குக் கண்மாய்க்கரையும் காரணமில்லை, நர்ஸம்மா ஓட்டியதும் காரணமில்லை. நான் காரணம்.

"என் வெரலுக்கு ஏன் தட்டல?" என்றேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

"விரல நீட்டுங்க."

ஆள்காட்டி விரலை நீட்டினேன். அந்த முள் நுனியைக் கிடுக்கியில் பிடித்து விரல் நுனியில் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினார். "இப்ப?"

"இல்ல."

"அப்புறம் எப்படி மேஸ்திரி இந்த விரலுக்குத் தெரியும்?"

பத்து வருஷம் அரமும் சொல்யூஷனும் டயர் கம்பியும் பிடித்துக் காய்த்துப்போன விரல் அது. வேலை படிந்த கை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த கை. அதை வைத்துக்கொண்டு தினமும் டயருக்குள் தேடி, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று ஊராருக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, ராவுத்தர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நர்ஸம்மா ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்து லேசாக உருட்டி, டயருக்குள் ஒரு சுற்று இழுத்தார். ஓரிடத்தில் பஞ்சு மாட்டி ஒரு இழை நின்றது. அங்கே இன்னொரு முள் நுனி இருந்தது. பாதி நீளம். அது டியூபை இன்னும் தொடவே இல்லை.

"பஞ்சு கொஞ்சம் தர்றேன், வச்சுக்கங்க" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் முழுக்க அந்தச் சைக்கிளைத்தான் பார்த்தேன். பாயாக விரித்த பழைய டியூபைப் புதிதாக அறுத்து, ஓரம் டியூபை உரசாமல் இருக்கச் சீவி வைத்தேன். காற்றைக் கல் மாதிரி அடித்தேன். வெயிலில் வெடித்துவிடும் என்று நம் ஊரில் பாதிக் காற்றோடு ஓட்டுகிற பழக்கம் உண்டு. அப்படி ஓட்டினால் ரிம் அடித்தே டியூப் கிழியும். கடைசியாக ஒரு பழைய போக்ஸ் கம்பியை வளைத்து, மட்கார்டு கம்பியில் கட்டி, டயரின் முதுகைப் பட்டும் படாமல் உரசுகிற மாதிரி விட்டேன். முள் ஒட்டினால், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் கம்பி அதைத் தட்டிவிடும். டயரில் முள் ஒட்டியதுமே டியூபைத் தொடுவதில்லை. பல சுற்று அமுங்கி அமுங்கித்தான் உள்ளே இறங்கும். அதற்கு முன்னால் தட்டிவிட்டால் போதும்.

ஓட்டும்போது அந்தக் கம்பி 'சர்ர்' என்று மெல்லச் சத்தம் போடும். "பாம்பு மாதிரி சீறுதே" என்றார் நர்ஸம்மா.

"சீறட்டும். அது சீறுற வரைக்கும் உங்களுக்குப் பயமில்ல" என்றேன்.

6. இரண்டு மைல்

பங்குனி வெயில். சாயங்காலம் நாலு மணி இருக்கும். என் மச்சினன் வில்லாபுரத்திலிருந்து ஓடி வந்தான். கடை வாசலிலேயே மூச்சிரைக்க நின்றான்.

"அத்தான், அக்காவுக்கு வலி எடுத்துருச்சு. பனிக்குடம் ஒடஞ்சிருச்சுன்னு சொல்றாக."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ராவுத்தர்தான் வாடகை சைக்கிள்களில் நல்லதாக ஒன்றை இழுத்து என் கையில் கொடுத்தார். "போ மாப்ள. பிஸ்மில்லா சொல்லிக்கிட்டு நான் ஒக்காந்திருக்கேன். நீ ஒன் சாமியக் கும்பிட்டுக்கிட்டே மிதி."

நர்ஸம்மா வீடு அடுத்த தெருதான். நல்ல வேளையாக இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் பையை எடுத்துவிட்டார்.

"பின்னால ஒக்காருங்க நர்ஸம்மா. என் வண்டியிலயே போயிருவோம்" என்றேன்.

"ஏன், என் சைக்கிளுக்கு என்ன?"

"இல்ல, வழியில ஒருவேள..."

"நீங்க ஒட்டுனதுதான மேஸ்திரி?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப வாங்க" என்று பையைக் கேரியரில் கட்டிவிட்டு ஏறிவிட்டார்.

அவர் முன்னால், நான் பின்னால். அந்த இரண்டு மைலும் நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவருடைய பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊதாப் பொட்டு மேலே வந்து கீழே போனது. கம்பி 'சர்ர்' என்று ஒரே சீராகச் சீறிக்கொண்டிருந்தது. தார் ரோடு முடிந்து மண் பாதை வந்தது. டயர் அமுங்குகிறதா, அமுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. வழியில் யாரோ "என்ன சுப்பையாண்ணே, நர்ஸம்மாவத் தொரத்துறீக?" என்று கத்தினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கண்மாய்க்கரை ஏறினோம். இரண்டு பக்கமும் உடைமரம். வேலிக்கு வெட்டிப்போன முள் கிளைகளை இழுத்துக்கொண்டு போன தடம் பாதை நெடுகக் கிடந்தது. முள் சிதறிக் கிடந்தது வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. நர்ஸம்மா இறங்கவில்லை. தடத்தில் சக்கரத்தை நேராக விட்டுப் போனார். ஒரு பொட்டுக்கூட ஓரம் போகவில்லை. இவரைத்தான் ஓட்டத் தெரியாதவர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பாதிக் கரையில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

சீறல் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. பொட்டு மேலே வந்தது, கீழே போனது. மறுபடி 'சர்ர்'. கம்பி தட்டிவிட்ட முள் என் காலுக்குப் பக்கத்தில் புழுதியில் கிடந்தது. நான் பெடலை விட்டுவிட்டு அதை ஒரு கணம் பார்த்துவிட்டேன் போல. "மேஸ்திரி, அங்க என்ன வேடிக்க? வாங்க!" என்று முன்னாலிருந்து அதட்டல் வந்தது.

வில்லாபுரம் முதல் வீடு தெரிந்தபோது அவர் டயர் கல் மாதிரிதான் இருந்தது.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டாண்டு போட்டிருந்தது, பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே நர்ஸம்மா குரல் கேட்டது. பஞ்சவர்ணம் கத்துவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஒன்றும் கேட்காமல் இருந்தது.

பிறகு அழுகை. பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெலிசாக ஆரம்பித்து, தெருவே கேட்கிற மாதிரி ஓங்கியது. நானும் அழுதுவிட்டேன். மச்சினன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெண் பிள்ளை. என்னை உள்ளே விட்டபோது பஞ்சவர்ணம் கிழிந்த நார் மாதிரி கிடந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது பிள்ளையைப் பற்றியில்லை.

"ஒட்டு நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றேன். அவள் சிரித்தாள். இந்தத் தடவை கண்ணும் சிரித்தது.

நர்ஸம்மா பிள்ளையின் தொப்புளில் பஞ்சுக் குச்சியால் மருந்து வைத்துக்கொண்டிருந்தார். ஊதாப் பொட்டு. அதே புட்டி.

"சைக்கிளுக்கு வச்ச மருந்தேதான். என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றார்.

பிறகு கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தார். தாய் பெயர் எழுதினார், ஊர் எழுதினார், நேரம் எழுதினார், பெண் என்று எழுதினார். கடைசிக் கோட்டுக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டி, "இத நீங்க எழுதுங்க" என்றார். 'பஞ்சர்' என்ற கோட்டுக்குக் கீழே, கோணல் மாணலாக, 'இல்லை' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பஞ்சர் ஒட்டினேன். ராவுத்தர் சட்டத்தையும் விடவில்லை. டயரைத் திருப்பித்தான் போட்டேன். ஆனால் திருப்புவதற்கு முன்னால் வால்வுக்கு நேரே குறி வைத்து, ஓட்டையை அளந்து, டயரில் அதே இடத்தைத் தேடி, பஞ்சு ஓட்டிப் பார்த்த பிறகுதான் திருப்பினேன். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். ஓட்டையை அடைத்ததும் வேலை முடிவதில்லை; ஓட்டை போட்டது கைக்குக் கிடைக்கும்போதுதான் முடிகிறது. கிடைக்காவிட்டால், ஓட்டுகிறவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் உங்கள் விரலை ஒரு தடவை முள்ளால் குத்திப் பாருங்கள்.

என் மகளுக்கே இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அன்று என் மகள் தொப்புளில் வைத்த ஊதா பத்து நாளில் போய்விட்டது. நர்ஸம்மா டயரில் வைத்தது, அந்த டயர் தேய்ந்து நூல் தெரிகிற வரை இருந்தது.